திடீரென்று புத்தி மாறினால்: மனநோய் என்று முடிவு கட்டும் முன் வீட்டார் பார்க்க வேண்டியவை

நேற்று மாலை வரை பால்காரரிடம் சில்லறை எண்ணி வாங்கிய ஆயா, இன்று நள்ளிரவில் எழுந்து உட்கார்ந்து மூலையில் நாய்க்குட்டி நிற்கிறது என்கிறார். பெற்ற மகனையே பார்த்து "நீ யாருப்பா?" என்று கேட்கிறார். வேலூர் பக்கத்துக் குடியாத்தமோ அணைக்கட்டோ, விடிவதற்குள் அக்கம்பக்கத்திலிருந்து மூன்று தீர்ப்புகள் வந்துவிடும்: வயசாயிடுச்சி, காத்து கருப்பு, மூளை கெட்டுப்போச்சு. ஒரே ராத்திரியில் மாறிய புத்திக்கு இந்த மூன்றும் காரணமாக இருப்பது அரிது. சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் உப்புக் குறைவு, சர்க்கரை இறங்கியது, போன வாரம் புதிதாகக் கொடுத்த மாத்திரை, இவற்றைத்தான் முதலில் தேட வேண்டும். இவற்றில் பலவும் சரிசெய்யக்கூடியவை. தாமதித்தால் உயிருக்கே ஆபத்து.

கடைசியாக எப்போது சரியாக இருந்தார்?

மருத்துவர் இவரை முதன்முறையாக இன்றுதான் பார்க்கிறார். நேற்று எப்படி இருந்தார் என்பது வீட்டாருக்கு மட்டுமே தெரியும். அதனால் கடைசியாக முழுத் தெளிவோடு இருந்த நாளையும் நேரத்தையும் ஒரு தாளில் எழுதுங்கள். "கொஞ்ச நாளாவே ஒரு மாதிரிதான்" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் மருத்துவரின் யோசனை மறதி நோய்ப் பக்கம் போய்விடும். "செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வரைக்கும் நல்லா இருந்தாரு" என்றால் அவசரப் பரிசோதனைகள் தொடங்கும்.

சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ வந்த மாற்றம், காலையில் தெளிவாகவும் பொழுது சாய்ந்தால் மோசமாகவும் ஏறி இறங்கினால், உடல்நோயால் வரும் சித்தக்குழப்பம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கிழமைகளை ஞாயிறு, சனி, வெள்ளி என்று பின்னோக்கிச் சொல்லச் சொல்லிப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதைச் சொல்லிவிடுவார். நடுவில் தொலைந்துபோனால், கேள்வியையே மறந்துவிட்டால், கவனம் கலைந்திருக்கிறது என்று பொருள். மனச்சிதைவு நோயாளிக்குப் பெரும்பாலும் தான் எங்கே இருக்கிறோம், இன்று என்ன கிழமை என்பது தெரியும். அவரைத் தொல்லை செய்வது அதிகமும் காதில் கேட்கும் குரல்கள். குரல் எதுவும் இல்லாமல் பூச்சி ஊர்வதும் ஆள் நிற்பதும் கண்ணுக்குத் தெரிந்தால் உடம்பைப் பாருங்கள். நாற்பது, நாற்பத்தைந்து வயதுக்கு மேல் வாழ்க்கையில் முதன்முறையாக இப்படி வந்தாலும் அப்படியே.

கத்துபவரை உடனே தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். சத்தமில்லாமல் பகலெல்லாம் தூங்கி, ஊட்டினால் மட்டும் விழுங்கிக்கொண்டு கிடப்பவரை "அசதி, தூங்கட்டும்" என்று விட்டுவிடுகிறோம். அதுவும் சித்தக்குழப்பம்தான். கண்டுபிடிக்கத் தாமதமாவதால் அதில் ஆபத்து கூடுதல்.

போனில் அரை நிமிட வீடியோ ஒன்று எடுத்து வையுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும்போது பல பேர் தெளிந்துவிடுகிறார்கள். "நல்லாத்தானே பேசுறாரு" என்று திருப்பி அனுப்பப்படாமல் இருக்க அது உதவும்.

முதல் பத்து நிமிடம்

சர்க்கரை மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் என்றால் வேறெதற்கும் முன் விரலில் குத்திச் சர்க்கரை பாருங்கள். 70க்குக் கீழே இருந்து, விழுங்கும் நிலையில் இருந்தால், மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். மிஷின் இல்லாவிட்டால் சந்தேகத்தின் பேரிலேயே கொடுக்கலாம். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். தெளிந்துவிட்டார் என்று வீட்டில் வைத்துக்கொள்வதும் தவறு. கிளிமிப்ரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகளின் வேகம் நெடுநேரம் இருக்கும், சிறுநீரகம் பழுதானவரிடம் இன்னும் நீளும். சாப்பிட்டுச் சில மணி நேரம் கழித்துச் சர்க்கரை மறுபடி இறங்கலாம்.

அடுத்து காய்ச்சல் இருக்கிறதா, கடைசியாகச் சிறுநீர் போனது எப்போது, மலம் கழித்து எத்தனை நாளாகிறது என்று பாருங்கள். சிறுநீர் அடைத்து அடிவயிறு உப்பிய பெரியவர் வலியைச் சொல்லத் தெரியாமல் ஆளை அடிப்பார். குழாய் போட்டுச் சிறுநீர் வெளியேறியதும் அடங்குவதும் உண்டு. கடந்த சில வாரங்களில் எங்காவது விழுந்தாரா, குளியலறையில் தலை இடித்துக்கொண்டாரா என்பதையும் கேளுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோகிரல் எடுக்கும் முதியவருக்குச் சின்ன அடியிலும் மூளை உறைக்கடியில் ரத்தம் மெல்லக் கசிந்து, வாரக்கணக்கில் கழித்துப் புத்தி மங்கும். சி.டி. ஸ்கேனில் தெரியும், அறுவை செய்து சரியாக்கலாம்.

மாத்திரைப் பையைக் கொட்டுங்கள்

எல்லா அட்டைகளையும் ஒரே பையில் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள். பக்கத்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கியது, நாட்டு மருந்துப் பொடி, தூக்க மாத்திரை எதையும் மறைக்காதீர்கள். லேபிள் இல்லாத பொடியில் ஈயமோ ஸ்டீராய்டோ கலந்திருக்கலாம்.

இந்தப் பையில்தான் பாதி விடை கிடக்கும். ரத்த அழுத்தத்துக்குத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற நீர் மாத்திரைகள் சோடியத்தைக் குறைக்கும். சோடியம் 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். 120 பக்கம் இறங்கினால் உளறல், வாந்தி, வலிப்பு வரை போகும். அக்னி நட்சத்திர நாட்களில் வேலூரில் 40 டிகிரியைத் தாண்டும்போது, வியர்த்துக் கொட்டி, பிரஷருக்குப் பயந்து உப்பையும் குறைத்துக்கொண்டு, வெறும் தண்ணீராகக் குடிக்கும் முதியவரிடம் இது எளிதில் வரும். உப்புத் தண்ணீர் கரைத்து வீட்டில் நீங்களே ஏற்றப் பார்க்காதீர்கள். சோடியத்தை வேகமாக உயர்த்தினால் மூளை நரம்புகள் சேதமாகும். நாளுக்கு எவ்வளவு ஏற்றலாம் என்ற கணக்கு மருத்துவர் கையில் இருக்கட்டும்.

சளிக்கும் அரிப்புக்கும் தரும் குளோர்பெனிரமின் போன்ற மாத்திரைகள், கால் எரிச்சலுக்குத் தரும் அமிட்ரிப்டிலின், நடுக்கத்துக்குத் தரும் ட்ரைஹெக்ஸிபெனிடில் மூன்றுமே முதியவர் மூளையைக் குழப்பும், சிறுநீரையும் அடைக்கும். ஸ்டீராய்டு, குறிப்பாக பிரட்னிசலோன் நாளுக்கு 40 மில்லிகிராமும் அதற்கு மேலும், தூக்கத்தைக் கெடுத்துத் தலைகால் தெரியாத உற்சாகத்தையோ சந்தேகத்தையோ கொடுக்கலாம். காசநோய் மருந்தில் ஐசோனியசிட் சிலருக்கு மனப்பிறழ்வு வரவழைக்கும். வலிப்பு மாத்திரை லெவிடிரசிட்டம் தொடங்கிய பின் எரிச்சலும் கோபமும் கூடினால் அது பிள்ளையின் "திமிர்" ஆகாது. இதைப் படித்துவிட்டு எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். ஸ்டீராய்டையும் வலிப்பு மாத்திரையையும் சட்டென்று நிறுத்துவது வேறொரு ஆபத்து.

மூன்றாம் நாள் கணக்கு

கால் எலும்பு முறிந்து வார்டில் படுத்திருப்பவர், வந்த இரண்டாவது அல்லது மூன்றாவது நாள் ராத்திரி கட்டிலில் பூச்சி பொறுக்குகிறார், கை நடுங்குகிறது, வேர்க்கிறது. தினமும் குடித்தவர் என்பதை மானத்துக்குப் பயந்து வீட்டார் சொல்லியிருக்க மாட்டார்கள். குடி நின்ற 48 மணி நேரம் முதல் 96 மணி நேரத்துக்குள் வரும் இந்தக் குழப்பம் உயிரையே எடுக்கும். சேர்க்கும்போதே "டெய்லி குடிப்பாரு, கடைசியா குடிச்சது இன்ன நேரம்" என்று அளவோடு சொல்லிவிடுங்கள். குளுக்கோஸ் ஏற்றும் முன் தியமின் (வைட்டமின் பி1) ஊசி போட வேண்டும் என்பது அந்த ஒரு தகவலை வைத்துத்தான் தெரியவரும்.

காய்ச்சலோடு உளறினால்

மழைக்காலம் தொடங்கி தை, மாசி வரை இந்தப் பக்கம் உண்ணிக் காய்ச்சல் எனப்படும் ஸ்க்ரப் டைபஸ் நிறைய வரும். புதர், புல்வெளி, வயல் வேலைக்குப் போனவருக்குக் காய்ச்சல், தலைவலி, பிறகு உளறல். அக்குள், தொடை இடுக்கு, மார்புக்கு அடி, இடுப்பு மடிப்பு என்று துணியை விலக்கித் தேடுங்கள். சிகரெட் சுட்டது போல வலியில்லாத கறுப்புப் பொருக்கு ஒன்று இருந்தால் அதைக் காட்டுங்கள். கூச்சத்தால் அந்த இடம் பார்க்கப்படாமலே போய்விடுகிறது. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் கேட்கும் நோய் இது. பென்சிலின் வகை ஊசிகளுக்கு அசையாது. வாரக்கணக்கில் லேசான காய்ச்சலும் தலைவலியும் இருந்து குணமே மாறிப்போனால் காசநோய் மூளைக்காய்ச்சலாக இருக்கலாம், முதுகில் நீர் எடுத்துத்தான் பார்க்க வேண்டும். "முதுகுல ஊசி போட்டா கால் வராது" என்று கையெழுத்துப் போட மறுத்து அங்கே இழக்கும் நாட்கள் விலை அதிகம்.

கோடையில் செங்கல் சூளையிலோ வயலிலோ வேலை செய்தவர் உடம்பு கொதிக்க உளறினால், 108 வரும்வரை காத்திருக்காமல் நிழலில் கிடத்தி உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். பாராசிட்டமால் வெப்பத்தாக்குக்குப் பயன்படாது.

இளவயதுக்காரர்கள்

காய்ச்சல், தலைவலி வந்துபோன சில நாளில் கல்லூரிப் பெண் தூங்காமல் உளறுகிறாள், சந்தேகப்படுகிறாள், பிறகு பேச்சு நின்று சிலைபோல உட்காருகிறாள், வாயும் முகமும் தானாகக் கோணுகின்றன. "சாமி வந்திருக்கு" என்று தாயத்து கட்டும் கட்டம் இது. உடலின் எதிர்ப்புச் சக்தியே மூளையைத் தாக்கும் இந்த அழற்சியை 2007இல்தான் அடையாளம் கண்டார்கள். சில பெண்களுக்குச் சூலகக் கட்டி ஒன்று பின்னணியில் இருக்கும். வலிப்பு, கைகால் விறைப்பு, மனநோய் மாத்திரை கொடுத்ததும் நிலை மோசமாவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் "என்.எம்.டி.ஏ. ஆன்டிபாடி பார்க்கணுமா?" என்று கேளுங்கள். இந்த அழற்சியைக் கண்டுபிடிக்கும் சோதனை அது.

பள்ளியில் முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளை படிப்பில் சரிந்து, கையெழுத்துக் கோணி, எச்சில் ஒழுகி, சிடுசிடுக்க ஆரம்பித்தால் உடம்பில் செம்பு சேர்ந்துகொண்டே போகும் வில்சன் நோயை நினையுங்கள். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் வழக்கமுள்ள குடும்பங்களில் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். கண் மருத்துவரின் ஸ்லிட் லேம்பில் கருவிழி ஓரத்தில் பழுப்பு வளையம் தெரியும். ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதமான செருலோபிளாஸ்மின் பெரும்பாலும் 20க்குக் கீழ் இருக்கும். 24 மணி நேரச் சிறுநீரில் செம்பு கூடும். மருந்து உண்டு, ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும். கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு இருப்பதால், நன்றாக இருப்பவரையும் சோதியுங்கள்.

பிள்ளை பெற்ற ஆறு வாரத்துக்குள் புத்தி மாறினால் கூடவே தலைவலி, வலிப்பு, ஒருபக்கம் பலவீனம் உண்டா என்று பாருங்கள். மூளைச் சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். பத்தியம் என்று பிள்ளைத்தாய்க்குத் தண்ணீரை அளந்து கொடுக்கும் வழக்கம் ரத்தத்தைக் கெட்டியாக்கி அதற்குத் துணைபோகிறது. சாதாரண சி.டி.யில் தெரியாமல் போகலாம், எம்.ஆர்.ஐ.யோடு சிரைப் படமும் வேண்டும்.

மெல்ல வருபவையில் தைராய்டும் பி12ம் முக்கியம். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் ஆண்டுக்கணக்கில் எடுப்பவர், கறி முட்டை தொடாதவர் மறதியோடு கால் மரத்துப்போகிறது என்றால் பி12 பாருங்கள். ரத்தசோகை இல்லாமலும் அது குறையலாம்.

எங்கே போவது, என்ன சொல்வது

திடீர் மாற்றத்துக்கு நேரே பாகாயம் பஸ் ஏறி மனநல மையத்துக்குப் போவது முதல் படி அல்ல. அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரியோ, பக்கத்திலிருக்கும் வாலாஜாபேட்டை, குடியாத்தம் அரசு மருத்துவமனையோ, அவசரப் பிரிவுக்குப் போங்கள். "பைத்தியம் புடிச்சிட்ச்சி" என்று ஆரம்பிக்காதீர்கள். "நைனா செவ்வாய்க்கிழமை வரைக்கும் தெளிவா இருந்தாரு, இப்போ ஆள் அடையாளம் தெரியல, தெளிவு ஏறி ஏறி இறங்குது" என்று சொல்லுங்கள். சர்க்கரை, சோடியம், கிரியாட்டினின், கல்லீரல், ரத்த அணுக்கள், கால்சியம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே, இ.சி.ஜி., ஆக்சிஜன் அளவு: பெரும்பாலான விடை இவற்றிலேயே கிடைத்துவிடும். ஸ்கேன் நார்மல் என்றவுடன் "உடம்புல ஒண்ணும் இல்ல" என்று முடித்தால், சோடியம் எவ்வளவு என்று ஒரு தடவை கேளுங்கள். ஸ்கேனில் அது தெரியாது.

ஏற்கெனவே மனநல மாத்திரை எடுப்பவர் நிலைதான் பரிதாபம். அவர் எதைச் சொன்னாலும் "பழைய வியாதி" என்ற கணக்கில் எழுதிவிடுவார்கள். லித்தியம் எடுப்பவர் வெயிலில் வாந்தி, பேதி, நடுக்கம், தள்ளாட்டம் என்றால் அன்றே ரத்தத்தில் லித்தியம் பார்க்க வேண்டும். உடம்பு விறைத்துக் காய்ச்சல் அடித்தால் மாத்திரையின் கொடிய எதிர்விளைவாக இருக்கலாம். குளோசபின் எடுப்பவரின் தொண்டைவலிக்கு வெள்ளை அணு எண்ணிக்கையும், மலச்சிக்கலுக்கு வயிற்றுப் பரிசோதனையும் தேவை. உடல்நோய்க்காரருக்குச் சமமான சிகிச்சை இவருக்கும் உரிமை என்று 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்கிறது.

எல்லாம் பார்த்தும் உடலில் காரணம் இல்லையென்றால், மனநல மருத்துவரிடம் போகத் தயங்காதீர்கள். நடிப்பு என்றோ வீம்பு என்றோ பொருள் இல்லை. 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே பேசலாம். உடல்நோயும் மனநோயும் ஒருவருக்கே இருப்பதும் உண்டு.

காரணம் கண்டுபிடித்து மருந்து தொடங்கினாலும் முதியவர் தெளிய நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகும். அதுவரை மூக்குக்கண்ணாடி, காது மெஷின், பல் செட் மூன்றையும் போட்டுவிடுங்கள். பகலில் ஜன்னலைத் திறந்து உட்கார வையுங்கள், ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும். ஒரே ஆள் பக்கத்தில் இருந்து "இது ஆஸ்பத்திரி, நான் உன் பொண்ணு" என்று சலிக்காமல் சொல்லட்டும். கையைக் கட்டிப் போட்டால் திமிறல்தான் கூடும்.