வண்டி மைலேஜை நீங்களே கணக்கு போட்டுப் பாருங்க
ஷோரூம்ல 20 கிலோமீட்டர் குடுக்கும்னு சொன்னாங்க, ஆனா நம்ம கைக்கு 14தான் வருதேன்னு வண்டில ஏதோ கோளாறுன்னு பயந்துடாதீங்க. அந்த நம்பர் லேப்ல ரோலர் மேல வண்டிய ஓடவிட்டு எடுத்தது, மொத்தமே 1180 செகண்ட், 90க்கு மேல ஸ்பீடு கிடையாது, ஏசியும் ஆஃப், நம்ம ஊர் வெயில்ல ஏசி இல்லாம யாருங்க ஓட்டுறா?

பங்க்ல டேங்க ஆட்டோ கட் ஆகுற வரை, அதாவது பைப் தானாவே நிக்கிற வரை ஃபில் பண்ணி ட்ரிப் மீட்டர ஜீரோ ஆக்குங்க, 400 கிலோமீட்டர் ஓட்டிட்டு அதே பங்க்ல திரும்ப ஆட்டோ கட் வரை போடுங்க. எனக்கு 412 கிலோமீட்டருக்கு 28.6 லிட்டர் புடிச்சுது, வகுத்தா 14.4. மூணு தடவையாச்சும் பாருங்க, டயர்ல காத்தும் சரியா இருக்கணும்.