கடிகாரம் ஏன் நின்றது? பள்ளி ஃபுட்பால் நடுவர்கள் தவிர்க்க வேண்டிய நேரத் தவறுகள்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஃபுட்பாலில் (பந்தைக் கையால் எறிந்தும் ஏந்தி ஓடியும் ஆடும் அமெரிக்கக் கால்பந்து) பெற்றோரும் பயிற்சியாளர்களும் கொதித்தெழுவது பெரும்பாலும் ஃபவுலுக்காகத்தான். பந்தைப் பிடித்தானா, சட்டையைப் பிடித்து இழுத்தானா என்று அரங்கமே தீர்ப்புச் சொல்லும். கடிகாரத்தில் 7 விநாடி தவறாக ஓடிப்போனால் மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. முதல் குவார்ட்டரில் அந்த 7 விநாடி போனால் போகட்டும் என்று விடலாம். கடைசி நிமிடத்தில் அது ஒரு முழு பாஸ் ஆட்டம், அதாவது பந்தை எறிந்து முன்னேறும் ஒரு முழு முயற்சி. ஆகஸ்ட் வெயிலிலிருந்து உடம்பை வருத்திப் பயிற்சி செய்த பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகளிடமிருந்து அதைப் பறிக்க நமக்கு எந்த உரிமையும் இல்லை.

ஃபவுலைப் பார்ப்பது கண்ணையும் நிற்கும் இடத்தையும் பொறுத்தது. எவ்வளவு தேர்ந்த நடுவருக்கும் சில தப்பும். நேர விதிகள் அப்படியல்ல, அவை முழுக்கப் படிப்பும் பழக்கமும்தான். அதனால்தான் இந்தத் தவறுகளை மன்னிக்க எனக்கு மனம் வருவதில்லை.

நான் இங்கே சொல்வது என்.எஃப்.எச்.எஸ். என்ற, உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளுக்கான தேசியச் சம்மேளனத்தின் விதிகளை. ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும் இவைதான் நடைமுறை. டெக்சாஸ் மட்டும் கல்லூரி விதிகளைத் தழுவி ஆடுகிறது, ஆகவே அங்கு நடுவராக இருப்பவர்கள் கீழே உள்ளதைத் தங்கள் விதிநூலோடு ஒப்பிட்டுக்கொள்ளவும்.

தொலைக்காட்சி விதிகளை மைதானத்துக்குக் கொண்டுவருவது

புதிய நடுவர்களின் முதல் எதிரி இதுதான். சனிக்கிழமை கல்லூரி ஆட்டம், ஞாயிற்றுக்கிழமை என்.எஃப்.எல். (தொழில்முறை லீக்) என்று பார்த்துப் பார்த்து, வெள்ளிக்கிழமை இரவுப் பள்ளி ஆட்டத்துக்கும் அதே விதி என்று மனம் நம்பிவிடுகிறது. மூன்றும் வேறு வேறு.

பந்துடன் ஓடுபவர் கோட்டுக்கு வெளியே போனால், என்.எஃப்.எல்லில் ஆட்டத்தின் பெரும்பகுதியில், நடுவர் பந்தைத் தயார் என்று அறிவித்ததுமே கடிகாரம் மீண்டும் ஓடத் தொடங்கும். கல்லூரியிலும் ஒவ்வொரு பாதியின் கடைசி 2 நிமிடம் நீங்கலாக அப்படியே. பள்ளி ஆட்டத்தில் முதல் நிமிடமானாலும் கடைசி நிமிடமானாலும், வெளியே போனால் அடுத்த ஸ்னாப் வரை, அதாவது பந்தைப் பின்னால் கொடுத்து அடுத்த முயற்சியைத் தொடங்கும் வரை, கடிகாரம் அசையக் கூடாது.

ஃபர்ஸ்ட் டவுன் (டவுன் எனப்படும் நான்கு முயற்சிகளுக்குள் 10 கெஜம் முன்னேறிப் பெறும் புதிய தொடர்) கிடைத்தால் என்.எஃப்.எல்லில் கடிகாரம் நிற்பதே இல்லை. கல்லூரியில் 2023 முதல் ஒவ்வொரு பாதியின் கடைசி 2 நிமிடத்தில் மட்டும் நிற்கிறது. பள்ளியில் ஒவ்வொரு ஃபர்ஸ்ட் டவுனுக்கும் நிறுத்தி, ரெஃபரி (தலைமை நடுவர்) காட்டும் ரெடி (தயார்) சைகைக்கு மறுபடி ஓடவிட வேண்டும். ஃபவுலுக்காகக் கடிகாரத்திலிருந்து 10 விநாடி கழிக்கும் விதி பள்ளி ஆட்டத்தில் கிடையாது. இரண்டு நிமிட எச்சரிக்கை இடைவேளையும் கிடையாது. பயிற்சியாளர் ஓரத்திலிருந்து “பத்து விநாடி கழியுங்கள்” என்று கத்தும்போது தடுமாறிவிடாதீர்கள். அவரும் நேற்று வரை தொலைக்காட்சி பார்த்தவர்தான்.

நின்ற காரணத்தை மறப்பது

என்னைக் கேட்டால், நேர விதிகள் முழுவதையும் ஒரே கேள்விக்குள் அடக்கிவிடலாம்: கடிகாரம் ஏன் நின்றது? காரணம் தெரிந்தால், அடுத்து அது ரெடிக்கு ஓட வேண்டுமா, ஸ்னாப்புக்கு ஓட வேண்டுமா என்பது தானாகத் தெரியும்.

பாஸ் பிடிபடாமல் விழுந்தது, பந்து வெளியே போனது, அணி டைம் அவுட் கேட்டது, பந்து எதிரணியின் கைக்கு மாறியது, பன்ட்டுக்குப் (பந்தை எதிரணிக்கு உதைத்து விடுவது) பிறகு யாருக்காவது புதிய தொடர் கிடைத்தது, ஆட்டத்தைத் தாமதப்படுத்திய ஃபவுலுக்கான பெனால்டி ஏற்கப்பட்டது: இவை எல்லாம் ஸ்னாப்புக்கு. கோட்டுக்கு உள்ளேயே முடிந்த ஃபர்ஸ்ட் டவுன், காயம், ஹெல்மெட் கழன்றது, செயின் கொண்டு அளந்தது, ஓடிக்கொண்டிருந்த கடிகாரத்தை ஃபவுலுக்காக மட்டும் நிறுத்தியது: இவை ரெடிக்கு.

சிக்கல் வருவது இரண்டு காரணங்கள் ஒன்றாகச் சேரும்போது. ஓர் ஆட்டத்தை அருகில் வைத்துப் பார்ப்போம். இரண்டாவது டவுன், 9 கெஜம் தேவை. ஓட்டக்காரர் 12 கெஜம் ஓடி வெளியே தள்ளப்படுகிறார். பின்னால் ஹோல்டிங் (எதிராளியைப் பிடித்து நிறுத்தும் ஃபவுல்) கொடி கிடக்கிறது. ரெஃபரி கொடி வீசியவரிடம் பேசுகிறார், அணித்தலைவரிடம் பேசுகிறார், பெனால்டியை அறிவிக்கிறார், அம்பயர் (குழுவின் இன்னொரு நடுவர்) பந்தைப் பின்னால் கொண்டுபோய் வைக்கிறார். இதற்குள் ஒரு நிமிடம் போய்விட்டது. ஆட்டம் எப்படி முடிந்தது என்பது எல்லோருக்கும் மறந்துவிட்டது. கொடிக்காக நின்றது என்ற நினைப்பில் ரெஃபரி கையைச் சுழற்றிக் கடிகாரத்தை ஓடவிடுகிறார். தவறு. ஓட்டக்காரர் வெளியே போனார். கொடி அந்தக் காரணத்தை அழிக்காது. ஸ்னாப் வரை காத்திருக்க வேண்டும்.

இதற்கு மருந்து எளிது. கொடி விழுந்த ஆட்டத்தில் ஓரத்தில் நிற்கும் லைன்ஸ்மேனோ லைன் ஜட்ஜோ ரெஃபரியிடம் வரும்போது முதலில் சொல்ல வேண்டியது “உள்ளே முடிந்தது” அல்லது “வெளியே போனது” என்பதுதான். ஃபவுலின் விவரம் அதற்குப் பிறகு. பெனால்டி முடிந்து இடத்துக்குத் திரும்பும்போது ரெஃபரி “ஸ்னாப்புக்கு” அல்லது “ரெடிக்கு” என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். நடுவர் குழுவின் ஐந்து பேரில் ஒருவருக்காவது முரண்பாடு இருந்தால் அந்த நொடியிலேயே வெளிவந்துவிடும்.

பந்து கைமாறும் ஆட்டங்களும் அடிக்கடி தவறுபவை. பாஸை இடைமறித்தவர் 20 கெஜம் ஓடி மைதானத்தின் நடுவிலேயே விழுகிறார். உள்ளே விழுந்ததால் ரெடிக்கு என்று கை தானாகச் சுழல்கிறது. கூடாது, புதிய அணி ஸ்னாப் செய்யும் வரை கடிகாரம் நிற்க வேண்டும்.

2017-இல் வந்த ஒரு விதியையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். எந்தப் பாதியிலும் 2 நிமிடத்துக்குள் நடந்த ஃபவுலுக்குப் பெனால்டி ஏற்கப்பட்டால், பாதிக்கப்பட்ட அணி விரும்பினால் கடிகாரத்தை ஸ்னாப்புக்கு ஓடவிடும்படி கேட்கலாம். முன்னிலையில் உள்ள அணி வேண்டுமென்றே ஃபவுல் செய்து நேரத்தைக் கரைப்பதை இது தடுக்கிறது. விதி தெரிந்த நடுவர்கள்கூடப் பாதிக்கப்பட்ட அணியிடம் கேட்க மறந்துவிடுகிறார்கள். அவர்களே கேட்கட்டும் என்று காத்திருப்பது முறையல்ல; பள்ளிப் பையனுக்கு அந்த உரிமை இருப்பதே தெரிந்திருக்காது. கேட்டுத் தெரிந்துகொள்வது ரெஃபரியின் கடமை.

ஓரக்கோட்டில் கை முந்திக்கொள்வது

கடிகாரத்தில் 0:48. பின்தங்கிய அணியிடம் டைம் அவுட் எதுவும் மிச்சமில்லை. பாஸைப் பிடித்தவர் ஓரக்கோட்டை நோக்கி விரைகிறார். கோட்டுக்கு ஒரு கெஜம் உள்ளேயே தடுப்பாளர் அவரை மார்போடு பிடித்து நிறுத்தி, பின்னால் தள்ளிக்கொண்டு வெளியே போகிறார். இருவரும் வெளியே உருண்டு கிடப்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். ஆனால் முன்னேற்றம் நின்றது கோட்டுக்கு உள்ளே. ஃபர்ஸ்ட் டவுன் கிடைக்கவில்லையென்றால் கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

இங்கே நடக்கும் தவறு அறியாமையால் வருவதல்ல, அனிச்சையால் வருவது. உடல் கோட்டைத் தாண்டியதும் நடுவரின் இரண்டு கைகளும் தலைக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாக ஆடத் தொடங்கிவிடுகின்றன. மற்ற நான்கு பேரும் அதையே திருப்பிக் காட்டுகிறார்கள். கடிகாரம் நின்றுவிடுகிறது, அந்த அணிக்கு வராத ஓர் அவகாசம் வந்துவிடுகிறது. முதலில் ஓடிவந்து முன்னேற்றம் நின்ற இடத்தில் கால் ஊன்றுங்கள். பிறகு மனத்துக்குள் ஆட்டத்தை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பிறகு சைகை. உள்ளே என்றால் கையை இரண்டு முறை தெளிவாகச் சுழற்றுங்கள். அரைகுறையாக ஆட்டினால் மேலே உட்கார்ந்து கடிகாரத்தை இயக்குபவருக்கு எதுவும் புரியாது.

ரெஃபரியின் கை வேகம்

ஃபர்ஸ்ட் டவுனுக்குப் பிறகு ரெஃபரி எப்போது கையைச் சுழற்றுகிறார் என்பதில் ஆட்டத்தின் கடைசி நிமிடங்களே மாறிவிடும். முதல் குவார்ட்டரில் சாவகாசமாகச் செய்தவர், நான்காவது குவார்ட்டரில் பின்தங்கிய அணி பதறுவதைப் பார்த்துத் தானும் பதறுவார். அல்லது இரக்கப்பட்டு, எல்லோரும் வரிசையில் வந்து நிற்கும் வரை ரெடியைத் தள்ளிப்போடுவார். இரண்டும் ஒரு பக்கச் சாய்வுதான். பந்து வைக்கப்பட்டது, அம்பயர் விலகினார், நடுவர்கள் தத்தம் இடத்தில் இருக்கிறார்கள் என்றால் ரெடி. 48 நிமிடமும் அதே தாளத்தில்.

2019-இல் 40 விநாடி ப்ளே கிளாக் (அடுத்த ஸ்னாப்புக்கான நேரத்தை எண்ணும் தனிக் கடிகாரம்) வந்த பிறகு இந்தத் தாளம் ஓரளவு சீரானது. சாதாரண ஆட்டம் முடிந்ததும் 40 விநாடி. டைம் அவுட், குவார்ட்டரின் தொடக்கம், டச் டவுனுக்குப் (பந்தை எதிரணியின் எல்லைப் பகுதிக்குள் கொண்டுபோய் 6 புள்ளி பெறுவது) பிந்தைய கூடுதல் புள்ளி முயற்சி போன்ற நிறுத்தங்களுக்குப் பிறகு, ரெடியிலிருந்து 25.

மேலே இருப்பவரைச் சந்திக்காமல் ஆட்டத்தைத் தொடங்குவது

அரங்கின் உச்சி அறையில் கடிகாரத்தை இயக்குபவர் பெரும்பாலும் அந்தப் பள்ளியைச் சேர்ந்த ஒருவர், பல இடங்களில் ஓர் ஆசிரியர். அவர் விதிநூல் படித்தவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆட்டத்துக்கு முன் அவரோடு ஐந்து நிமிடம் பேசாத நடுவர் குழு, இரவு முழுக்க அதற்கு விலை கொடுக்கும். சொல்ல வேண்டியவை இவை: தொடக்க உதையில் கால் பந்தைத் தொட்டதும் கடிகாரத்தை ஓடவிடாதீர்கள், எதிரணி மைதானத்துக்குள் பந்தைத் தொட்ட பிறகே ஓட வேண்டும். உதைத்த பந்து யாரும் தொடாமல் எல்லைப் பகுதிக்குள் போய்விட்டால் ஒரு விநாடிகூடக் குறையக் கூடாது. டச் டவுனுக்குப் பிந்தைய கூடுதல் புள்ளி முயற்சிக்குக் கடிகாரமே கிடையாது. எல்லாவற்றுக்கும் மேலாக, பந்தை அல்ல, எங்கள் கைகளைப் பாருங்கள்.

புள்ளி வித்தியாசம் பெரிதானால் கடிகாரத்தை நிறுத்தாமல் ஓட்டும் விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஒஹையோவில் பிற்பாதியில் 30 புள்ளி. உங்கள் மாநிலத்தில் எத்தனை, எந்த எந்த நிறுத்தங்கள் விதிவிலக்கு என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

பந்து செத்ததும் கடிகாரத்தைப் பார்க்கத் தவறுவது

பிடிபடாத பாஸுக்குப் பிறகும் கடிகாரம் 1:22-இலிருந்து 1:09 வரை ஓடிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ரெஃபரிக்கு அதைத் திருத்த அதிகாரம் உண்டு. ஆனால் தவறுக்குப் பின் இரண்டாவது முறை பந்து ஆட்டத்துக்கு வருவதற்குள், அந்தக் குவார்ட்டர் முறைப்படி முடிந்திராத நிலையில், திருத்திவிட வேண்டும். 1:22 என்று கண்ணால் கண்ட ஒருவராவது குழுவில் இருந்தால்தான் இது நடக்கும். பந்து செத்த, அதாவது ஒரு முயற்சி முடிந்த, ஒவ்வொரு முறையும் பலகையைப் பார்க்கும் பொறுப்பை ஆட்டத்துக்கு முன்பே ஒருவரிடம் ஒப்படையுங்கள். “எல்லோரும் பார்ப்போம்” என்று விட்டால் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

பூஜ்யத்தைக் கண்டதும் பந்தைத் தூக்குவது

குவார்ட்டர் முடிந்தது என்பதை அறிவிப்பது பலகையில் தெரியும் 0:00 அல்ல, ரெஃபரி பந்தைத் தலைக்கு மேல் உயர்த்துவதுதான். தூக்கிவிட்டால் திருத்த வழியில்லை. ஆகவே கை எழும் முன் நான்கு கேள்விகள்: கொடி ஏதும் கிடக்கிறதா? யாராவது டைம் அவுட் கேட்டார்களா? விசில் தவறுதலாக ஊதப்பட்டதா? கடிகாரத்தில் பிழை உண்டா? வீரர்கள் ஓய்வறையை நோக்கி ஓடத் தொடங்கினாலும் அவசரப்படாதீர்கள்.

கடைசி ஆட்டத்தில் ஃபவுல் நடந்து பெனால்டி ஏற்கப்பட்டால், கடிகாரம் ஓடாமல் இன்னொரு டவுன் ஆட வேண்டும். தாக்கும் அணி ஃபவுல் செய்தாலும் இது பொருந்தும் என்பதைப் பலர் மறக்கிறார்கள். முறையற்ற முன்னோக்கிய பாஸ் போல டவுன் இழப்பையும் சேர்த்துத் தரும் ஃபவுல்களுக்கும், நடத்தை சார்ந்த ஃபவுல்களுக்கும் இந்த நீட்டிப்பு இல்லை.

நான்காவது குவார்ட்டரின் கடைசி ஆட்டத்தில் டச் டவுன் விழுந்தால் கூடுதல் புள்ளி முயற்சி உண்டா என்பதும் கணக்குப் பார்த்தே முடிவாகும். 7 புள்ளி பின்தங்கிய அணி 6 புள்ளி எடுத்திருந்தால் நிச்சயம் உண்டு. 3 புள்ளி பின்தங்கியிருந்து இப்போது 3 புள்ளி முன்னால் போயிருந்தால், அந்த முயற்சியில் தடுக்கும் அணி புள்ளி எடுக்க பள்ளி விதிகளில் வழியில்லாததால், முடிவு மாறாது. மாநிலத்தின் அடுத்த சுற்றுத் தகுதிக்குப் புள்ளி வித்தியாசம் கணக்கில் வருமானால் மட்டும் பையன்களைத் திரும்ப அழைத்து ஆடவிட வேண்டும்.