கார் ஏசியில் குளிர் வரவில்லையா? கேஸ் ஏற்றும் முன் கரண்ட் போகிறதா என்று பாருங்கள்

ப்ளோயர் ஓடுகிறது, காற்றும் வருகிறது, குளிர் மட்டும் இல்லை. உடனே "கேஸ் இறங்கியிருக்கும்" என்று சிலிண்டரை மாட்டுவதுதான் வழக்கம். ஆனால் கேஸை அழுத்தும் கம்ப்ரசரைப் பெல்ட் புல்லியோடு சேர்க்கும் கிளட்சுக்குக் கரண்ட் போகாவிட்டாலும் இதே அறிகுறிதான். ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும், இரண்டையும் பிரித்துவிடலாம்.

இந்த முறை பெல்ட்டில் ஓடும், முகப்பில் காந்த கிளட்ச் உள்ள கம்ப்ரசருக்கு மட்டும். கிளட்சே இல்லாத கம்ப்ரசர்களுக்குப் பொருந்தாது. ஹைபிரிட், எலக்ட்ரிக் கார்களில் ஆரஞ்சு நிற கேபிள்கள் உயர் அழுத்த மின்சாரம் ஓடுபவை. அவற்றைத் தொடவே வேண்டாம்.

1. கண்ணும் காதும்

என்ஜினை ஓடவிட்டு ஏசியைப் போடுங்கள். ப்ளோயர் இரண்டில் இருக்கட்டும். ப்ளோயர் அணைந்திருந்தால் ஏசிக்கான கட்டளையே போகாது. கம்ப்ரசரில் வெளிப் புல்லி எப்போதும் சுற்றும். நடுவிலுள்ள தட்டு "டக்" என்று ஒட்டிச் சேர்ந்து சுற்ற வேண்டும். சுற்றினால் கிளட்சுக்குக் கரண்ட் வருகிறது, கோளாறு வேறெங்கோ. சுற்றாவிட்டால் தொடருங்கள். கை, தளர்ந்த துணி எதுவும் பெல்ட் பக்கம் போகக்கூடாது. ரேடியேட்டர் ஃபேன் சொல்லாமல் ஓடத் தொடங்கும்.

2. பியூஸ், ரிலே

பியூஸைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாதீர்கள். என்ஜின் அணைந்து, சாவி ஆனில் இருக்கும்போது பியூஸ் தலையிலுள்ள இரண்டு உலோகப் புள்ளிகளிலும் அளங்கள். இரண்டிலும் 12 வோல்ட் வந்தால் பியூஸ் நலம். ஒன்றில் மட்டும் வந்தால் போய்விட்டது. புதிதாகப் போட்ட 10 ஆம்பியர் பியூஸும் உடனே போனால், 15 போட்டுச் சமாளிக்க நினைக்காதீர்கள்: எங்கோ ஷார்ட் இருக்கிறது, அடுத்து வயர்தான் உருகும். ரிலே என்பது சிறு கட்டளைக் கரண்டால் கிளட்சுக்கான பெரிய கரண்டைப் போட்டு அணைக்கும் சுவிட்ச். அதைச் சோதிக்க, அதே எண் கொண்ட ஹாரன் ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

3. கிளட்ச் கனெக்டரில் வோல்ட்டேஜ்

இதுதான் முக்கியமான அளவு, பலர் தப்பாக எடுப்பதும் இதைத்தான். கனெக்டரைக் கழற்றி அளந்தால் கரண்ட் ஓடாது. அரித்துப்போய் ஒரே ஒரு இழை மிஞ்சிய வயர்கூட அப்போது முழு 12 வோல்ட் காட்டும். ஆகவே கனெக்டரை மாட்டியபடியே, பின்பக்கமாக மெல்லிய ஊசி செருகி அளக்க வேண்டும். என்ஜினை அணைத்துவிட்டு ஊசியைச் செருகி, மீட்டர் வயரைப் பெல்ட்டிலிருந்து விலக்கிக் கட்டிய பிறகே ஸ்டார்ட் செய்யுங்கள். கருப்பு முனை பேட்டரி நெகட்டிவில்.

13 முதல் 14 வோல்ட் வந்தும் தட்டு ஒட்டவில்லையா? கோளாறு கிளட்சில் அல்லது அதன் எர்த்தில். பூஜ்யம் என்றால் கரண்ட் வழியிலேயே நிற்கிறது. 8, 9 என்று தொங்கினால் வழியில் ஏதோ ஒரு இணைப்பு அரித்திருக்கிறது.

4. கரண்ட் வருகிறது, ஒட்டவில்லை

என்ஜினை அணைத்து, கனெக்டரைக் கழற்றி, கிளட்சின் காயிலில் (காந்தத்தை உண்டாக்கும் கம்பிச் சுருள்) ஓம் அளவை எடுங்கள். பொதுவாக 3 முதல் 5 ஓம். சரியான எண்ணை உங்கள் காரின் சர்வீஸ் மேனுவலில் பாருங்கள். மீட்டர் எதுவும் காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டி வந்தால் காயிலுக்குள் ஷார்ட். பியூஸைத் தின்றது இதுவாக இருக்கலாம். காயில் சரியா? கனெக்டரை மாட்டி, ஏசி ஆனில் காயிலின் எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே அளங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த்தைச் சுத்தம் செய்யுங்கள்.

காலையில் ஒட்டி, டிராஃபிக்கில் சூடானதும் விட்டுவிடுகிறதா? தட்டுக்கும் புல்லிக்கும் நடுவிலுள்ள இடைவெளியைப் பாருங்கள். பெரும்பாலும் 0.3 முதல் 0.6 மி.மீ. இருக்கும். தேய்ந்து இடைவெளி கூடிவிட்டால், சூட்டில் காயிலின் ஓம் ஏறிக் காந்தம் தளரும்போது தட்டை இழுக்க முடியாது. இடைவெளியை அமைக்கும் மெல்லிய வளையமான ஷிம் ஒன்றை எடுத்தால் பல நேரம் சரியாகிவிடும், புதுக் கம்ப்ரசர் தேவையில்லை.

5. கரண்டே வரவில்லை

என்ஜினை அணைத்து ரிலேயைப் பிடுங்குங்கள். ரிலேயில் அச்சிட்ட எண்களை வைத்துச் சாக்கெட்டில் 30 (கரண்ட் உள்ளே வருவது), 87 (கிளட்சுக்குப் போவது), 85, 86 (கட்டளை வருபவை) எவை என்று கண்டுபிடியுங்கள். சாவி ஆனில் 30-ல் 12 வோல்ட் இருக்க வேண்டும். 87-க்கும் எர்த்துக்கும் இடையே காயிலின் அதே 3 முதல் 5 ஓம் வர வேண்டும். வராவிட்டால் இடையிலுள்ள வயர் போயிருக்கிறது. எலி கடித்த இடத்தைத் தேடுங்கள்.

இரண்டும் சரியானால், 10 ஆம்பியர் பியூஸ் கோத்த வயரால் 30-ஐயும் 87-ஐயும் ஓரிரு விநாடி இணையுங்கள். "டக்" கேட்டால் பவர் வழி நலம். கட்டளை வரும் 85, 86 பக்கம்தான் கோளாறு.

6. கட்டளை ஏன் வரவில்லை?

முதல் சந்தேகம், கேஸின் அழுத்தத்தை அளக்கும் பிரஷர் சென்சார். மூன்று வயர் சென்சாரில் ஒன்றில் 5 வோல்ட், ஒன்று எர்த், மூன்றாவது சிக்னல். என்ஜின் ஓடாமல் ஆறியிருக்கும்போது, 30 டிகிரி வெயிலில் ஆர்134ஏ வகை ஏசி கேஸ் பிரஷர் கேஜில் சுமார் 95 பிஎஸ்ஐ (அழுத்த அலகு) காட்டும். கேஜ் அப்படிக் காட்டியும், காரின் கணினியைப் படிக்கும் ஸ்கேனரில் பிரஷர் பூஜ்யம் என்று வந்தால் சென்சாரோ அதன் வயரோ பழுது. கேஜிலும் பூஜ்யம் என்றால் கேஸ் கசிந்துவிட்டது. சென்சார் தன் வேலையைத்தான் செய்கிறது. அதை வயர் போட்டுத் தாண்டி ஓட்டாதீர்கள். கம்ப்ரசருக்கு ஆயில் கேஸோடுதான் சுற்றி வருகிறது, கேஸ் இல்லாமல் ஓடினால் ஜாம் ஆகிவிடும்.

அடுத்து, காற்றைக் குளிர்விக்கும் எவாப்பரேட்டரின் வெப்பநிலையை அளக்கும் சென்சார். கையில் பொத்திப் பிடித்தால் அதன் ஓம் சீராக இறங்க வேண்டும். அறுந்துபோன சென்சாரை ஈசியு (காரின் கட்டுப்பாட்டுக் கணினி) கடுங்குளிர் என்று எடுத்துக்கொள்ளும். ஐஸ் பிடிக்கும் என்று பயந்து கம்ப்ரசரை ஓட்டவே ஓட்டாது.