வென் தி போட் லீவ்ஸ்?

திருகோணமலைக்குப் பக்கத்திலுள்ள நிலாவெளியில் புறாத்தீவுக்குப் படகு விடும் பொடியன்களுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறேன். சொற்கள் தாராளமாகத் தெரியும், கேள்வி கேட்கும்போதுதான் தடக்கும். "வென் தி போட் லீவ்ஸ்?", "வேர் யு ஆர் ஸ்டேயிங்?" என்பார்கள். தமிழில் வசனத்தைக் குலைக்காமல் கடைசியில் ஓர் 'ஆ' போட்டாலோ, 'எப்போது', 'எங்கே' என்று ஒரு சொல்லைச் சேர்த்தாலோ போதும். ஆங்கிலத்தில் இஸ், டஸ், கேன் போன்ற துணைவினை எழுவாயைத் தாண்டி முன்னே போகவேண்டும்.

விதியைச் சொன்னபோது தலையாட்டினார்கள், அவ்வளவுதான். அப்புறம் பதிலிலிருந்து தொடங்கினேன். "ஷி வொர்க்ஸ் ஹியர்" என்று நான் சொன்னால் அவர்கள் "யெஸ், ஷி டஸ்" என்று ஆமோதிக்க வேண்டும். அந்த 'டஸ்'ஸைத் தூக்கி முன்னால் வை: "டஸ் ஷி வொர்க் ஹியர்?" வொர்க்ஸிலிருந்த 'ஸ்' டஸ்ஸுக்குள் போய்விட்டது, மறுபடி போடாதே. 'டிட்' வந்தாலும் அப்படித்தான்: "டிட் யு வென்ட்" அல்ல, "டிட் யு கோ". வேர், வென், வொய் எல்லாம் அதற்கும் முன்னால். "ஹூ கேம்?" மட்டும் தப்பிவிடும், ஹூ தானே எழுவாய்.

ஒருத்தன் மரியாதையாகக் கேட்கப் போய், "கேன் யு டெல் மீ வேர் இஸ் யுவர் ஹோட்டல்?" என்றான். திருத்தினால், "சேர், நீங்கள் சொன்னபடிதானே இஸ்ஸை முன்னுக்குப் போட்டனான்?" என்கிறான். நியாயம்தான். ஆனால் 'கேன்' ஏற்கெனவே முன்னே போய்விட்டதே! உள்ளே இருப்பது சாதாரண வசனம்: "வேர் யுவர் ஹோட்டல் இஸ்". இது இன்னும் சிலருக்கு வாயில் படியவில்லை. பயணிகளுக்கு எப்படிக் கேட்டாலும் விளங்குவதால் நானும் பெரிதாக நெருக்குவதில்லை.