மட்டக்குதிரைப் புத்தகங்களும் மாரி மழையும்

பரந்தனில் போட்டோக்கொப்பிக் கடை வைத்திருக்கிறவளுக்கு இங்கிலாந்துச் சிறுமிகளின் மட்டக்குதிரைக் கதைகள் எதற்கு என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள். எட்டாம் வகுப்பில் ஆங்கில ரீச்சர் வாசிக்கத் தந்த ஒரு புத்தகம்தான் காரணம். அட்டையில் ஒரு சிறுமி, சாம்பல் நிறக் குதிரை, பின்பக்கத்தில் 2/6 என்று விலை. 2009 இல் றங்குப் பெட்டியோடு அதுவும் போயிற்று. தலைப்பு நினைவில்லை. அதைத் தேடப்போய் இப்போது 63 புத்தகங்கள் சேர்ந்துவிட்டன. அது மட்டும் இன்னும் கிடைக்கவில்லை.

முதலில், எல்லாவற்றையும் சேர்க்கப் போகாதீர்கள், காசு தாங்காது. 1877 இல் வந்த அன்னா சூவலின் 'பிளாக் பியூட்டி'யில் குதிரையே தன் கதையைச் சொல்லும். 1936 இல் ஜோனா கனன் எழுதிய 'எ போனி ஃபார் ஜீன்' போன்ற கதைகளில் சிறுமி நடுவுக்கு வந்துவிட்டாள். கனனின் மூன்று மகள்மாரும், ஜோசபின், டயானா, கிறிஸ்டின் புல்லின்-தொம்சன், அதே வழியில் எழுதித் தள்ளினார்கள். அந்த ஒரு குடும்பத்தைச் சேர்த்தாலே அலுமாரி நிறையும். எனக்குப் பிடித்தவள் ரூபி பேர்குசனின் ஜில். 1949 இல் தொடங்கிய வரிசை அது. அவள் வாய்க்காரி, வாசித்துச் சிரிக்கலாம். ஒரு எழுத்தாளரைப் பிடித்துக்கொண்டு தொடங்குங்கள்.

புத்தகம் கையில் வந்ததும் அட்டையைப் பார்த்து மயங்காமல் தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைத் திருப்புங்கள். முதலில் வந்த ஆண்டும் மறுபதிப்புகளும் அங்கே வரிசையாக இருக்கும். ஆண்டு இல்லாவிட்டால் விலையைப் பாருங்கள். இங்கிலாந்து ஷில்லிங்கை விட்டது 1971 பெப்ரவரி 15 இல். 2/6 என்றால் இரண்டு ஷில்லிங் ஆறு பென்ஸ், அதற்கு முந்திய அச்சு. மாறிய காலத்துப் புத்தகங்களில் பழைய விலையும் புதிய விலையும் சேர்ந்தே இருக்கும். என் ரீச்சர் தந்தது 1971க்கு முந்தியது என்று இப்படித்தான் கண்டுபிடித்தேன், புத்தகமே இல்லாமல். இன்னொரு வழி, புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் தர எண் (ISBN). ஒன்பது இலக்கம் என்றால் 1960களின் கடைசியை ஒட்டியது. பத்து இலக்கம் அதற்குப் பிந்தியது. பதின்மூன்று இலக்கம் 2007க்குப் பின். தாள் மெல்லிசாய், பழுப்பாய், எழுத்து நெருக்கமாய் இருந்தால் இரண்டாம் உலகப் போர்க்காலச் சிக்கன அச்சா என்று பாருங்கள், அதை உள்ளேயே அச்சிட்டிருப்பார்கள்.

நான் ஏமாந்த கதை ஒன்று. இணையத்தில் ஒருவர் முதல் பதிப்பு என்று சொல்லி விற்றார். மேலுறை பளபளவென்று இருந்தது. வந்த பிறகு பார்த்தால் முதுகின் அடியில் சில்ரன்ஸ் புக் கிளப் என்று இருக்கிறது. சந்தாதாரர்களுக்காகத் தனியாக அச்சிட்ட பதிப்பு அது. வாசிக்க நல்லது, முதல் பதிப்பின் விலைக்கு அல்ல. அதிலிருந்து காசு அனுப்புமுன் முதுகு, தலைப்புப் பக்கம், அதன் பின்புறம், மேலுறையின் உள்மடிப்பு நான்கையும் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். உள்மடிப்பின் மூலை வெட்டியிருந்தால் பதற வேண்டாம். பரிசாகக் கொடுத்தவர் விலையை மறைக்க வெட்டியிருப்பார். ஆர்மடா மலிவுப் பதிப்புகள் பலவற்றில் கதையை வெட்டிச் சுருக்கியிருக்கிறார்கள், பக்க எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

எங்கே வாங்குவது? கொழும்புக்குப் போனால் மருதானைப் பக்கம் பழைய புத்தகக் கடைகள் இருக்கின்றன. குனிந்து அடித்தட்டைக் கிளற வேண்டும். அப்புறம் லண்டன் மச்சாள்மார். "சொக்லேட் வேண்டாம், தரும கடைகளில் குதிரைப் புத்தகம் பார்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். முதல் தடவை ஒருத்தி குதிரை வளர்ப்புக் கையேடு ஒன்றைக் கொண்டுவந்தாள். சரி, அதையும் வைத்திருக்கிறேன். உள்ளே பிள்ளைகள் பெயர் எழுதியிருந்தால் மற்றவர்கள் விலையைக் குறைப்பார்கள். நான் அப்படிப்பட்டதையே தேடி எடுப்பேன்.

வாங்குவது லேசு, வன்னியில் காப்பாற்றுவதுதான் பாடு. சுவரை ஒட்டி அலுமாரி வைக்காதீர்கள், நாலு விரல் இடம் விடுங்கள். கறையான் சுவர்வழியாகவே மண்கோடு இழுத்து வரும். அலுமாரிக் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டையில் நிறுத்தினேன். டெங்கு பார்க்க வந்த சுகாதாரப் பரிசோதகர் நுளம்புப் புழுவைக் காட்டி ஏசிவிட்டுப் போனார். இப்போது பால்மா ரின்னில் கழிவு ஒயில். மாரியில் கதவைத் திறந்து வையாதீர்கள். தைப்பொங்கல் கழிந்து காற்று காய்ந்ததும் நிழலில் விரித்துப் பரப்புங்கள், வெயிலில் போட்டால் முதுகு வெளிறும். வேப்பிலையைத் துணியில் முடிந்து தட்டில் வைக்கலாம், பக்கங்களுக்குள் செருகினால் கறை பிடிக்கும். கிழிசலுக்கு செலோரேப் வேண்டவே வேண்டாம். கோதுமை மாவைக் கஞ்சியாய்க் காய்ச்சி, பட்டம் கட்டும் வெள்ளை ரிசுத் தாளைக் கீலமாகக் கிழித்து ஒட்டுங்கள். நிறத்தாள் சாயம் விடும்.

ராமபாணப் பூச்சி விழுந்த புத்தகத்தைப் பொலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி, இரண்டு கிழமை ஆழ்குளிர்ப் பெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு நாள் விடுங்கள், இல்லாவிட்டால் ஈரம் பிடிக்கும். என்னிடம் அந்தப் பெட்டி இல்லை. பக்கத்துக் கடை அண்ணையின் ஐஸ்கிறீம் பெட்டியில்தான் ஒரு மூலை வாங்கியிருக்கிறேன். பையின்மேல் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். போன கிழமை ஒரு பொடியன் ஜில்லைத் தூக்கிக்கொண்டு வந்து எவ்வளவு என்று கேட்டானாம்.