பெண்கள் பிரிவுத் தகுதி விதி: எப்படிப் படிப்பது, புகார் வந்தால் என்ன செய்வது

மாவட்டத் தடகளப் போட்டியில் ஒரு பெண் மற்றவர்களை வெகுதூரம் முந்திவிட்டால், பரிசளிப்புக்கு முன்பே யாராவது வந்து "அது பொண்ணுதானா சார்?" என்று காதைக் கடிப்பார்கள். விதி தெரியாத செயலாளர் அந்த நேரத்தில் அவசரப்பட்டுச் செய்யும் காரியம்தான் பிறகு சீர்செய்ய முடியாததாகிறது. இந்தக் குறிப்பு செயலாளர்களுக்கும் பயிற்சியாளர்களுக்கும்.

முதல் வேலை, சட்டத்தையும் விளையாட்டு விதியையும் பிரித்து வைப்பது. 2014இல் உச்ச நீதிமன்றம் தந்த நால்சா தீர்ப்பு, ஒருவர் தம் பாலினத்தைத் தாமே அடையாளப்படுத்திக்கொள்ளும் உரிமையைப் பேசியது. அரசு ஆவணத்துக்கும் சலுகைக்கும் அது அடிப்படை. ஆனால் பாஸ்போர்ட்டில் பெண் என்று இருப்பதாலேயே பெண்கள் பிரிவில் ஓடலாம் என்று உலகத் தடகள அமைப்பு ஏற்பதில்லை. அதேபோல், தகுதி விதியில் ஒருவர் தேறவில்லை என்பதால் அவர் பெண்ணே இல்லை என்றும் ஆகிவிடாது. இந்த விவாதத்தில் பாதிச் சண்டை இவ்விரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால் வருவது.

அடுத்து, கையில் இருப்பது எந்த ஆண்டின் விதி என்று பாருங்கள். வாட்ஸ்அப்பில் சுற்றும் பிடிஎஃப்களில் பல காலாவதியானவை. ஆண்களின் உடலில் அதிகமாகச் சுரக்கும் டெஸ்டோஸ்டிரோன் ஹார்மோன் இயற்கையாகவே கூடுதலாக உள்ள பெண்களுக்குத் தடகளத்தில் 2011இல் வைத்த வரம்பு லிட்டருக்கு 10 நானோமோல். 2018இல் அது 5 ஆனது. 400 மீட்டர் முதல் ஒரு மைல் வரையான ஓட்டங்களுக்கு மட்டும். 2023 மார்ச்சில் 2.5, எல்லாப் போட்டிகளுக்கும்; அளவு 24 மாதங்கள் தொடர்ந்து அதற்குக் கீழே இருக்க வேண்டும். அதே மாதம், ஆண் பருவமடைதலைக் கடந்த திருநங்கையர் பெண்கள் பிரிவிலிருந்து விலக்கப்பட்டார்கள். 2025 செப்டம்பர் 1 முதல் எஸ்ஆர்ஒய் (SRY, கருவில் ஆண் வளர்ச்சியைத் தொடங்கிவைக்கும் மரபணு) இருக்கிறதா என்ற சோதனை, வாழ்நாளில் ஒருமுறை. நீச்சலுக்கு வேறு கணக்கு: 2022 விதிப்படி 12 வயது அல்லது பருவமடைதலின் இரண்டாம் நிலை (உடல் மாற்றங்கள் தொடங்கும் கட்டம்), இதில் எது பிந்தியதோ அதற்கு முன்பே ஆண் பருவ வளர்ச்சி தடுக்கப்பட்டிருக்க வேண்டும். ஒரு விளையாட்டின் விதியை இன்னொன்றுக்குப் பொருத்தாதீர்கள். 'எந்தப் போட்டிகளுக்குப் பொருந்தும்' என்ற பகுதியை முதலில் படியுங்கள். உலகத் தரவரிசைப் போட்டிக்கு எழுதிய விதி ஊர்ப் பள்ளிப் போட்டியைத் தானாகக் கட்டுப்படுத்தாது.

விதி ஏன் இறுகியது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். உச்ச மட்ட ஓட்டத்தில் ஆண் பெண் வித்தியாசம் ஏறக்குறைய 10 முதல் 12 சதவீதம். பருவமடையும் முன் அது மிகக் குறைவு. டெஸ்டோஸ்டிரோனை மருந்தால் அடக்கினால் ஹீமோகுளோபின் மூன்று நான்கு மாதங்களில் பெண்களின் அளவுக்கு இறங்குகிறது. தசை வலிமை ஓராண்டாகியும் சிறிதளவே குறைகிறது. இந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை விளையாட்டுப் பயிற்சி இல்லாதவர்களிடம் நடந்தவை என்பது மறுதரப்பின் நியாயமான ஆட்சேபம். எங்கள் பார்வையில், உச்ச மட்டத்தில் பெண்கள் பிரிவுக்கு வேலி வேண்டும் என்பதற்கு வலுவான காரணம் இருக்கிறது. அதே வேலியைப் பத்து வயதுக் குழந்தைகளின் போட்டிக்கு இழுத்துவர ஒரு காரணமும் இல்லை. திறந்த பிரிவு வைத்தால் தீர்ந்துவிடும் என்பார்கள். 2023 அக்டோபரில் பெர்லின் நீச்சல் உலகக் கோப்பையில் வைத்தார்கள்; ஒருவரும் பெயர் கொடுக்கவில்லை.

இனி ஆய்வக அறிக்கை. இங்கேதான் அதிகம் தவறுகிறது. நம் ஊர் ஆய்வகங்கள் பொதுவாக நானோகிராம்/டெசிலிட்டரில் எழுதும். விதியோ நானோமோல்/லிட்டரில் பேசும். அறிக்கை எண்ணை 0.0347ஆல் பெருக்குங்கள். 60 என்று வந்தால் 2.08. 2023 விதியின் வரம்பான 2.5 என்பது ஆய்வகக் கணக்கில் சுமார் 72. அலகைக் கவனிக்காமல் "அறுபதா!" என்று அலறியவர்கள் உண்டு. இரண்டாவது, முறை. ஆய்வகங்களில் வழக்கமான இம்யூனோ அசே (எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்கும் முறை) பெண்களின் குறைந்த அளவில் நம்பத்தக்கதல்ல. மூலக்கூறுகளை நிறையால் பிரித்தறியும் மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி முறையில்தான் அளக்க வேண்டும். முடி வளர என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடும் பெண்ணுக்கு, சில இம்யூனோ அசே கருவிகள் இல்லாத டெஸ்டோஸ்டிரோனைக் காட்டும். பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) இருந்தால் அளவு ஓரளவு கூடுவது சகஜம்.

எஸ்ஆர்ஒய் சோதனைக்குக் கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் துடைத்து எடுத்தால் போதும். மாதிரி எடுப்பவர் ஆணாக இருந்து கையுறையில் கவனம் பிசகினால், அவருடைய டிஎன்ஏ கலந்து, மரபணு இருக்கிறது என்று பொய்யான 'ஆம்' வரலாம். உண்மையான 'ஆம்'கூட முடிவல்ல. ஆண்ட்ரோஜனுக்கு (டெஸ்டோஸ்டிரோன் போன்ற ஹார்மோன்களுக்கு) உடல் முற்றிலும் எதிர்வினை காட்டாத பெண்களுக்கு மரபணு இருக்கும், பலன் இருக்காது. 1996 அட்லாண்டாவில் சோதித்த 3,387 பேரில் எட்டுப் பேருக்கு 'ஆம்' வந்தது. எட்டுப் பேரும் போட்டியிட அனுமதிக்கப்பட்டார்கள். ஆகவே நாளமில்லாச் சுரப்பி நிபுணரும் மரபியல் ஆலோசகரும் தயாராக இல்லாமல் மாதிரியே எடுக்கக் கூடாது. பதினேழு வயதுப் பெண் தன் உடலைப் பற்றி முதன்முதலாக ஒரு காகிதத்திலிருந்து அறிந்துகொள்ளும் நிலை வரக்கூடாது.

புகார் வந்தால்? தோற்றம், குரல், மீசை, ஓட்ட வேகம் ஆகியவற்றை மட்டும் சொல்லும் புகாரைப் பதிவு செய்யாதீர்கள். எழுத்தில், கையொப்பத்தோடு, விதியின் எந்தப் பிரிவு என்று குறிப்பிட்டு வந்தால் மட்டும் ஒரே ஒருவர் பெறட்டும். உறையில் வைத்து ஒட்டி, சம்மேளனத்தின் மருத்துவப் பொறுப்பாளருக்கு நேரடியாக அனுப்பட்டும். ஆடை களையச் சொல்லிப் பார்ப்பது எந்த விதியிலும் இல்லை. பட்டியலிலிருந்து பெயரை எடுத்தால் காரணத்தை அறிவிப்புப் பலகையில் எழுதாதீர்கள். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை சாந்தி சௌந்திரராஜனின் விஷயம், பாலினச் சோதனையில் தேறவில்லை என்று பதக்கம் பறிபோனதோடு நிற்கவில்லை. அவருடைய மருத்துவ விவரம் ஊரெங்கும் செய்தியானது. மேல்முறையீட்டு வழியையும் சொல்லிவிடுங்கள்: இந்திய ஓட்ட வீராங்கனை டூட்டி சந்த் விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனதால்தான் 2015 ஜூலையில் 2011 டெஸ்டோஸ்டிரோன் விதி நிறுத்தி வைக்கப்பட்டது.

தகுதிக்காக அறுவை சிகிச்சை என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். வளரும் நாடுகளைச் சேர்ந்த நான்கு இளம் வீராங்கனைகளுக்கு இப்படி உறுப்புகள் அகற்றப்பட்டது 2013இல் மருத்துவ இதழில் வெளியாகிப் பெரும் கண்டனத்துக்கு உள்ளானது.

திருநம்பி வீரர்களை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். ஆண்கள் பிரிவில் போட்டியிடுபவர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொண்டால் அது ஊக்கமருந்துப் பட்டியலில் உள்ள பொருள். சிகிச்சைப் பயன்பாட்டு விலக்கு (மருத்துவக் காரணத்துக்காகத் தரப்படும் அனுமதி) இல்லாமல் ஓடினால் தடை. மருத்துவர் அறிக்கை, அளவு, ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்து, போட்டிக்குக் குறைந்தது 30 நாட்களுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும்.