கடலோர வீட்டின் வெளிச்சுவரில் மின்பெட்டி மாட்டுவது எப்படி

தூத்துக்குடியில் மின்வேலை செய்கிறவனுக்குப் பாதி வருமானம் துருவிலிருந்துதான். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் உப்பளம். கொண்டல் அடிக்கும் நாட்களில் வெளிச்சுவரைத் தடவிய விரலை நாக்கில் வைத்தால் கரிக்கும். அந்தச் சுவரில் மோட்டார் சுவிட்சோ விளக்கோ மாட்டச் சொல்கிறவர்கள், ஐ.பி. 65 என்று அச்சிட்ட தகரப் பெட்டி ஒன்றை முன்கூட்டியே வாங்கி வைத்திருப்பார்கள். அதில் 6 என்பது தூசிக்கு, 5 என்பது பீய்ச்சும் தண்ணீருக்கு. துருவைப் பற்றி அந்த எண் ஒன்றும் சொல்வதில்லை.

என் முதல் தேர்வு பாலிகார்பனேட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டி அல்லது ஃபைபர் பெட்டி. வெயில் தாங்கும் ரகமா என்று மட்டும் கேட்டு வாங்குங்கள். உலோகம்தான் வேண்டும் என்றால் 316 ரக எவர்சில்வர். 304 ரக எவர்சில்வர் கடற்காற்றில் சீக்கிரமே தேநீர் சிந்தியதுபோல் பழுப்புக் கறை பிடிக்கும். 316இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகம் கலந்திருப்பதுதான் வித்தியாசம். காந்தத்தை வைத்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. ரகத்தை பில்லில் எழுதி வாங்குவதே வழி.

எங்கே மாட்டுவது? சன்ஷேடுக்கு அடியில் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். மழை படாதது உண்மை. ஆனால் மழை படாத இடத்தில், படிந்த உப்பைக் கழுவிவிடவும் எதுவும் இல்லை. பெட்டியின் அடிப்பக்கமும் நிழல் மூலையும் முதலில் அரிப்பது இதனால்தான். கடலைப் பார்க்காத சுவர் இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் சன்ஷேடுக்கு அடியிலேயே வையுங்கள், துடைக்கும் வேலையை யாராவது ஏற்றுக்கொள்ள வேண்டும்.

வேலை தொடங்குமுன் மெயினை அணைத்து, டெஸ்டரால் சோதித்துவிடுங்கள். மின்வாரியத்தின் மீட்டரையும் சீலையும் தொடக் கூடாது. பெட்டியின் முதுகில் துளை போடாமல், வெளிப்பக்கக் காதுகளில் திருகுங்கள். சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே ஒரு சென்டிமீட்டர் நைலான் துண்டு வைத்தால் பின்னால் ஈரம் தங்காது.

ஸ்குரு விஷயத்தில்தான் எனக்குக் கோபம் வரும். ஆயிரக்கணக்கில் விளக்குக்குச் செலவழித்தவர், ஸ்குருவில் பத்து ரூபாய் மிச்சம் பிடிப்பார். கடையில் பளபளக்கும் சாதாரண ஸ்குருவின் துத்தநாகப் பூச்சு சில மைக்ரான்தான். அதை எவர்சில்வர் பெட்டியில் போட்டால், உப்பு ஈரத்தில் பெட்டிக்குப் பதிலாக ஸ்குரு கரையும். 316 பெட்டிக்கு 316 ஸ்குருதான். அலுமினிய விளக்கு என்றால் எவர்சில்வர் ஸ்குருவுக்கு அடியில் நைலான் வாஷர், மரையில் கொஞ்சம் கிரீஸ். இல்லாவிட்டால் வெள்ளைப் பொடி பூத்து இறுகிக்கொள்ளும். பிறகு ஸ்குருவைத் துளையிட்டுத்தான் எடுக்க வேண்டியிருக்கும்.

வயர் எப்போதும் அடியிலிருந்தே உள்ளே போக வேண்டும். மேலிருந்து இறங்கும் வயரைப் பெட்டிக்குக் கீழே ஒரு வளைவு விட்டு, அங்கிருந்து மேலே ஏற்றுங்கள். வழிந்து வரும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும். வயர் நுழையும் துளையில் பொருத்தும் நைலான் கிளாண்டை இறுக்கும்போது உள்ரப்பர் வயரைச் சுற்றி லேசாகப் பிதுங்கும், அங்கே நிறுத்திவிடுங்கள். பயன்படாத துளைகளுக்கு மூடி அவசியம்.

எவ்வளவு இறுக்கி மூடினாலும் பெட்டிக்குள் ஈரம் போகும். பகலில் சூடேறி உள்காற்று வெளியேறும். இரவில் குளிர்ந்ததும் வெளியே உள்ள உப்பீரக் காற்றை உள்ளே இழுக்கும். ஆகவே உள்ளே சேரும் நீர் வடிய, அடியில் வடிகால் மூடி ஒன்று பொருத்துங்கள். அதைப் பார்த்ததும் சிலர் ஓட்டை என்று சிலிக்கான் பூசி அடைத்துவிடுகிறார்கள். சிலிக்கானிலும் ரகம் உண்டு: வினிகர் நெடி அடிப்பது அசிட்டிக் அமிலத்தை வெளிவிட்டுச் செம்பைப் பச்சையாக்கும். மின்பெட்டியருகே நியூட்ரல் ரகம் மட்டுமே.

இணைப்புகளில் வெள்ளீயம் பூசிய லக் (வயர் நுனியில் அழுத்திப் பொருத்தும் உலோக முனை) போட்டு, முழுதாக இறுக்கிய பிறகு வெளிப்பக்கம் மெல்லியதாகப் பெட்ரோலியம் ஜெல்லி தடவுங்கள். அலுமினிய வயரையும் செம்பு முனையையும் நேரடியாகச் சேர்க்காதீர்கள். அதற்கென்றே இருவுலோக லக் கிடைக்கிறது. வெளிச்சுவருக்குப் போகும் மின்சுற்றுக்கு, மின்கசிவு வந்தால் தானே அணையும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் கட்டாயம்.

எர்த் குழியில் உப்பும் கரியும் போடும் பழக்கம் இங்கேயும் தொடர்கிறது. ஏற்கெனவே உப்பு ஊறிய மண்ணில் எதற்கு மேலும் உப்பு? துத்தநாகம் பூசிய இரும்பான ஜி.ஐ. பைப்பைத்தான் அது தின்னும். செம்பு முலாமிட்ட கம்பியை இறக்கி, சுற்றிலும் பெண்டோனைட் களிமண் நிரப்புவதே எனக்குச் சரியாகப் படுகிறது.

மாதம் ஒரு முறை நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் வெளியே துடையுங்கள். ஹோஸ் பிடித்து அடிக்க வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன்பு மெயினை அணைத்துப் பெட்டியைத் திறந்து பாருங்கள். லக் ஓரத்தில் பச்சை தெரிந்தால் பெரும்பாலும் அது வயரின் உறைக்குள்ளும் கொஞ்ச தூரம் ஏறியிருக்கும். சுரண்டிப் பயனில்லை. சிவந்த செம்பு தெரியும்வரை வெட்டிவிட்டுப் புது லக் போட வேண்டும். அப்படி வெட்ட வயர் மிச்சம் இருக்க வேண்டும் என்பதற்காக, மாட்டும் நாளிலேயே உள்ளே ஒரு சாண் நீளம் கூடுதலாகச் சுருட்டி வைப்பேன்.